மூன்று விளையாட்டுக் கோட்டு

என் வாழ்நாளில் ஒரு பஸ்ஸைக்கூட நான் ஓடிப் பிடித்ததில்லை. அப்படிப்பட்ட நான், விளையாட்டில் சிறந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் கலர்ஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, தூரத்தில் எதையோ வென்றுவிட்டு வந்தவனைப் போல நிற்கும் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மார்புப் பையில் சின்னம். அதன் கீழே மஞ்சள் நூலில் மூன்று வரிகள்: உதைபந்து, ஹொக்கி, ஈட்டி எறிதல். கோட்டு என்னுடையதல்ல. அந்த மூன்றில் எதுவும் என்னுடையதல்ல. நடுப் பட்டனை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நிற்கிற வயிறு, எங்கள் பேச்சில் 'வண்டி', அது மட்டும் என்னுடையது. வத்தளையில் ஒரு பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம். பெண்ணின் தகப்பனார் விளையாட்டுப் பைத்தியம் என்று எங்கள் மாமி சொல்லி வைத்திருந்தார். அவர்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், கடிதம்கூட வைக்காமல். அதனால்தான் அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கோட்டுக்குச் சொந்தக்காரன் என் நண்பன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அறை எடுத்துத் தங்கிப் படித்தவன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். படிப்பதற்காகத் தினமும் இரண்டு பஸ் ஏறியதுதான் என் தேகப்பயிற்சி. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பொடியன்கள் எல்லா விளையாட்டும் விளையாடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் ஒவ்வொரு விளையாட்டும் தன் ஆளைப் பொறாமை பிடித்த மாமியார் மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும். ஹொக்கிப் பயிற்சியாளருக்கு உதைபந்துக்காரனைக் கண்ணில் காட்டக்கூடாது. என் நண்பன் காலையில் ஈட்டி எறிந்தான், பின்னேரம் ஹொக்கி விளையாடினான், பொழுது சாய்வதற்குள் உதைபந்துக் கோலுக்குள் போய் நின்றான். மூன்றிலும் கலர்ஸ் எடுத்தான். தன் காலத்தில் அப்படி இன்னொருவனை மட்டுமே கண்டிருப்பதாக விளையாட்டுப் பொறுப்பாளர் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒண்டைத் தெரிவு செய், தம்பி, உடம்பு தாங்காது" என்று ஒவ்வொரு தவணையும் புத்தியும் சொன்னார். நண்பன் சிரிப்பான். ஒன்றைத் தெரிவு செய்திருக்கலாம் என்று பிறகு நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். உடம்பு தாங்காது என்பதற்காக அல்ல.

ஒரு விளையாட்டு விளையாடுகிறவனின் உடம்பு ஒரு கதையைத்தான் சொல்லும். அவனுடைய உடம்பு மூன்றைச் சொன்னது. கோல் காத்ததில் முழங்கையிலும் முழங்காலிலும் உரசல் தழும்புகள். ஹொக்கித் தடி பட்டுக் கணைக்காலில் கறுத்த கட்டிகள். ஈட்டியால் வலது தோள் இடது தோளைவிடப் பருத்து, வேறொருவருடைய தோளைக் கடன் வாங்கி ஒட்டியது போல இருக்கும். வேறு நாட்டில், வேறு காலத்தில் பெண்கள் பார்த்து ரசித்திருப்பார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் அதைப் பார்த்தவர்கள் சோதனைச் சாவடிக்காரர்கள். தமிழ்ப் பொடியனின் முழங்கையில் தழும்பு இருந்தால் அவன் எங்கேயோ மண்ணில் ஊர்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்தவன் என்பது அன்றைய சாத்திரம். அடையாள அட்டை, கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு எல்லாம் அவனிடம் இருந்தன. ஆனால் அவனை வீடு கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கோட்டுத்தான். கோட்டைக் காட்டுவான், மூன்று வரியையும் வாசிப்பார்கள், போ என்பார்கள். வெயில் எரிக்கிற நாளிலும் அதை மடித்துப் பைக்குள் கொண்டு திரிந்தான்.

அதைத்தான் நான் அந்தப் படத்துக்காக ஒரு புதன்கிழமை காலை இரவல் கேட்டேன். வருகிற சனிக்கிழமை அவனுக்கு ஈட்டித் தேர்வு. தேறினால் வெளிநாட்டு மாணவர் போட்டிக்குப் போகலாம். அவன் கனவு கண்டது பதக்கத்தை மட்டுமல்ல, கடவுச்சீட்டையும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தயங்கித்தான் தந்தான். "இண்டைக்கு ரெண்டு மணிக்கு முன்னம் மைதானத்துக்குக் கொண்டு வந்திடு மச்சான். அது இல்லாட்டி நான் றோட்டிலை அம்மணம்" என்றான். காலி வீதி ஸ்டூடியோவில் ஒரு மணிக்கே படம் எடுத்து முடிந்துவிட்டது. நான் கோட்டைக் கழற்றவில்லை. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பாலம் வரைக்கும் ஒரு தரம், பாலத்திலிருந்து சந்தை வரைக்கும் ஒரு தரம், வியர்த்து ஒழுக ஒழுக நடந்தேன். தேநீர்க்கடையில் யாரோ எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். அந்த மரியாதையில் இரண்டாவது தேநீரும் குடித்தேன். மணி மூன்றரை. இனி மைதானத்துக்குப் போய் என்ன என்று அவன் அறைக்குப் போனேன். வாசலிலேயே வீட்டுக்கார அக்கா நின்றார். அவனைப் பொரளைப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிசுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். கூட வந்த பொடியன் ஒருவன் ஓடிவந்து சொல்லியிருக்கிறான்.

கோட்டோடே போனேன். பொலிஸ் வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் மார்பிலிருந்த மூன்று வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு, கோட்டு உன்னுடையதா என்று சிங்களத்தில் கேட்டான். பிடிபட்டவனுடைய கோட்டு என்று சொன்னால் என்னையும் பிடித்து வைப்பான் என்ற பயம் ஒரு பக்கம். அன்று முழுதும் அந்தக் கோட்டுக்குள் இருந்து பழகிய ஆணவம் மறு பக்கம். எது முந்திக்கொண்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "ஒவ்" என்றேன். ஆம் என்று சொல்ல சிங்களத்தில் அந்த ஒரு சொல் போதும். கொன்ஸ்டபிள் சந்தோசமாகத் தோளில் தட்டி உள்ளே விட்டான்.

உள்ளே நண்பன் சேர்ட் இல்லாமல், காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு நின்றான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தழும்பாகப் பேனையால் காட்டினார். இது உதைபந்து, இது ஹொக்கி, இது ஈட்டி என்று அவன் பணிவாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை, அதுதான் வினை. தானும் பள்ளிக்கூடத்தில் வொலிபோல் விளையாடியவர் என்றார். "ஒரு ஆளுக்கு ஒரு விளையாட்டுத்தான் வரும். நான் விளையாடினவன், எனக்குத் தெரியாதா? நீ ஒன்றைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்" என்றார். நான் முன்னால் போய்க் கோட்டைக் கழற்றி மேசையில் வைத்து, இது இவனுடையது, வாசித்துப் பாருங்கள் என்றேன். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் எட்டிப் பார்த்து, இப்போதுதானே சேர், இவன் தன்னுடையது என்று சொன்னான் என்றான். நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. பந்து தன்னைத் தாண்டிக் கோலுக்குள் போனபின் கோல் காப்பவன் பின்னால் திரும்பிப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. "ஒரு கோட்டு, இரண்டு சொந்தக்காரர், மூன்று விளையாட்டு" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். என் காற்சட்டையையும் சுருட்டச் சொன்னார். என் முழங்கால்கள் தொட்டில் பிள்ளையுடையவை போல இருந்தன. பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போ என்றார். விளையாடாதது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. கோட்டைச் சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுப் பொறுப்பாளர் வெள்ளிக்கிழமை கடிதத்தோடு போனார். அதற்குள் அவனை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை அவன் இல்லாமலே தேர்வு நடந்தது. ஐந்து மாதம் கழித்து, குற்றம் எதுவும் இல்லை என்று விட்டார்கள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கோட்டைக் கேட்டுப் போனோம். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அவனுடைய சான்றிதழ்களும் அணிப் படங்களும் யாழ்ப்பாணத்து வீட்டோடு ஷெல் வீச்சில் போயின. யார் யாரையோ பிடித்து அவன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். நான் வாசலில் சொன்ன அந்த ஒற்றை 'ஒவ்'வைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தான். நரைத்து, மெலிந்து, ஒரு காலைச் சாய்த்து நடந்தான். நான் வருடக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பை எடுக்க வாய் திறந்தபோது, அவன் சுவரில் இருந்த என் கோட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான். "என்ரை பிள்ளையள் நம்புறேல்லை மச்சான்" என்றான். "மூண்டு விளையாட்டோ, அப்பா சும்மா கதை விடுறார் எண்டு சிரிக்குதுகள்." பிறகு கைபேசியை இடது கையால் எடுத்து, என் தலை விழாதபடி, கழுத்துக்குக் கீழே மட்டும் படம் பிடித்தான். அவனுக்கு அப்படியொரு கோட்டு இருந்ததற்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி அது. அதிலிருந்து என்னை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினான். நான் மன்னிப்பைத் திரும்ப விழுங்கிக்கொண்டு, சாப்பிட வா என்றேன்.

அவன் திரும்பிப் போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். மகளுக்குப் படத்தைக் காட்டினானாம். அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்:

"அந்த நேரமே உங்களுக்கு இவ்வளவு வண்டி இருந்திருக்கு. பிறகு எப்பிடியப்பா விளையாடினீங்கள்?"