நல்ல தண்ணியில் கழுவிய கொம்பியூட்டர்

கத்தரினாவின் வகுப்பில் இருபத்திரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளும் ஒரு கத்தரினாவும் இருந்தார்கள். ஏ.எல். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு வந்த புதிசு. கற்பிட்டிப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் கொடுத்த ஒரே பெண் அவள்தான். செய்முறைப் பாடத்துக்கு மேசைக்கு இரண்டு பேராய் நிற்கச் சொல்வார் சேர். பதினொரு மேசை நிறையும். பன்னிரண்டாவதில் அவளும் ஒரு குறடும் நிற்பார்கள். குறடு நல்ல தோழி. வாய் திறக்கும், கதைக்காது.

ஒருநாள் அவளுடைய மேசை லாச்சிக்குள் எவனோ செத்த பேத்தை மீனொன்றை வைத்திருந்தான். மீன்காரன் மகளை மீனைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்த அந்தப் புத்தியை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை. மறுநாள் கொம்பியூட்டர் அறைக்கு முதல் ஆளாய்ப் போய், மௌஸ் வயர்களையெல்லாம் பக்கத்துப் பக்கத்து மெஷினுக்கு மாற்றிக் குத்திவிட்டாள். ஒருத்தன் மௌஸை ஆட்டினால் பக்கத்துக்காரனின் திரையில் அம்பு ஓடியது. பேய் என்றார்கள், வைரஸ் என்றார்கள். ஒருத்தனும் அவளைச் சந்தேகப்படவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாதென்று அவ்வளவு நம்பிக்கை. கத்தரினாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. சிரிப்பு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

வீடும் அப்படித்தான். அம்மா றோசமேரி குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு குரல், அவ்வளவுதான். அப்பா அருளப்பு கடலில். கரைக்கு வந்தாலும் அவருடைய வாய் மட்டும் கடலிலேயே நின்றுவிடும். சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் 'ம்' என்பார். மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டர். அம்மா வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துப் போட்டதை, போர்வையில் சுற்றி லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது.

பக்கத்து வீட்டு மெரினா மாமிக்கு அதைக் கண்டாலே வயிறு எரியும்.

"தையல் படிச்சாலும் ஒரு சட்டை மிஞ்சும். இதுல என்னடி மிஞ்சும்?"

"வயர் மிஞ்சும் மாமி. உங்கட வாயக் கட்டலாம்."

பரீட்சை முடிந்த கையோடு, கொழும்பில் ஒரு கல்லூரி கொம்பியூட்டர் டிப்ளோமாவுக்கு ஆள் எடுத்தது. சொந்தமாகச் செய்த ஒரு வேலையை வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். கத்தரினா செய்திருந்தது, காற்று அறிவிப்பை நிறமாக மாற்றிக் காட்டும் ஒரு புரோகிராம். பச்சை என்றால் கடலுக்குப் போகலாம், சிவப்பு என்றால் வலையைப் பின்னிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். எழுத்துத் தெரியாத அருளப்புக்கும் விளங்கும். தென்னோலை விழுந்து அடிக்கடி கறண்ட் போகும் ஊரென்பதால், ஒவ்வொரு வரியையும் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தாள். அது போய்ச் சேராவிட்டால் அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. மெரினா மாமி சிலாபத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் கோயிலால் வந்தவள் முற்றத்தில் நின்றுவிட்டாள். கருவாட்டுப் பரணில் ஒரு பக்கம் சூடை மீன், மறுபக்கம் அவளுடைய கொம்பியூட்டரின் பெட்டி, குடல் வேறு உடல் வேறாய். பக்கத்தில் அருளப்பு, கையில் கிறீஸ் டப்பா.

"என்னப்பா இது?"

"உப்புப் பிடிச்சிருந்திச்சு புள்ள. இந்தக் காத்துக்கு இரும்பு நிக்குமா? மூண்டு வாளி நல்ல தண்ணி ஊத்திக் கழுவினன்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"ஓம், கொஞ்சம் காஞ்ச பிறகு. டப்பெண்டு ஒரு சத்தம், பிறகு நிண்டிட்டு. எஞ்சினும் அப்பிடித்தான். ரெண்டாம் இழுவைக்கு வரும்."

கத்த வேண்டுமென்று வாயைத் திறந்தாள். கடலால் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை படகு எஞ்சினைத் தோளில் தூக்கிவந்து கிணற்றடியில் கழுவுவதுதான். வேறொருவரைத் தொட விடமாட்டார். அந்தப் பெட்டியையும் தோளில்தான் தூக்கிப் போயிருக்கிறார். சட்டையின் தோளில் ஈரமும் துருவும்.

"வரும் அப்பா," என்றாள்.

வரவில்லை. கறுத்துக் கருகிப் போயிருந்தது. மறுநாள் கொப்பியோடு சந்தியிலிருந்த மஹ்ரூப் நானாவின் கொமினிகேஷன் கடைக்குப் போனாள். அங்கே பொம்பிளைப் பிள்ளைகள் போட்டோ கொப்பி எடுத்ததும் திரும்பிவிடுவார்கள். உள்ளே வகுப்புப் பெடியன்கள் கேம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போட்டோ கொப்பி முன்னுக்கு, தங்கச்சி."

"கொப்பிக்கு வரல்ல நானா. மெஷினுக்கு."

மஹ்ரூப் அவளையும் பார்த்தார், பெடியன்களையும் பார்த்தார். பிறகு மூலை மெஷினைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். முதுகுக்குப் பின்னால் 'பேத்தை வந்திட்டு' என்று ஒரு கிசுகிசு. இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் தட்டினாள். புதன்கிழமை பெடியன்களில் ஒருத்தன், அமல்ராஜ், எட்டிப் பார்த்தான்.

"இத உனக்கு ஆரு எழுதித் தந்தது?"

"உன்ட மௌஸ மாத்தின பேய்."

அவன் வாய் திறந்தபடி நின்றான். அந்தக் குறடு மாதிரியே.

வியாழன் பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள்.

இதற்கிடையில் வீட்டில் அருளப்பு நாள் தவறாமல் வாசலில் நின்று கேட்டார். "ஓடுதா?" அவ்வளவு வருஷத்தில் அவராகவே கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பழைய போன் சார்ஜரைப் பெட்டிக்குள் வைத்து, அதில் காற்றாடியையும் ஒரு பச்சை லைட்டையும் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டால் 'ங்ங்' என்று சுற்றும், பச்சையாய் மினுங்கும். திரையை அம்மாவின் பூத்துணியால் மூடிவிட்டாள்.

"ஓடுது அப்பா."

அருளப்பு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ம்," என்றார்.

கொழும்பில் இடம் கிடைத்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு பின்னால் போய் மறையும்வரை பஸ் ஜன்னலால் பார்த்தாள். கொழும்பு வகுப்பில் நாற்பது பேர், நாலு பெண்கள். மற்ற மூவரும் சிங்களத்தில் சிரித்துக்கொண்டார்கள். மேசைக்கு இரண்டு பேராய் உட்காரச் சொன்னபோது, அவள் பழக்கத்தில் கடைசி மேசைக்கே போய்விட்டாள்.

இரண்டாம் மாதம் ஊரிலிருந்து மெரினா மாமி போன் எடுத்தாள்.

"உன்ட அப்பாவுக்கு என்னடி? கடலால வந்து, முகம் கழுவி, அந்தப் பெட்டியப் போட்டுட்டுப் பக்கத்துல கதிரையில இருக்கிறாரு. ஒண்டும் செய்யிறதில்ல. சும்மா இருக்கிறாரு. திரைத் துணியத் தொடவும் விடுறாரில்ல."

கத்தரினா ஹொஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி குடித்தபடியே, தூரத்துச் சத்தத்தை வைத்து இது ஆருடைய படகு, எந்தப் பிளக் அடைத்திருக்கிறது என்று சொல்கிற ஆள் அருளப்பு. சார்ஜரில் சுற்றும் காற்றாடியா அந்தக் காதை ஏமாற்றும்? உள்ளங்கையை வைத்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"மாமி, அவரிட்ட குடுங்க."

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். பிறகு, சன்னமாய், 'ங்ங்' என்று காற்றாடி.

"அப்பா."

"ம்."

"ஓடுதா?"



"ஓடுது புள்ள," என்றார் அருளப்பு.