இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

ஆவி பறக்கும் டீ டம்ளருக்குள் சென்சார் மூழ்கிக் கிடக்க, மேசை மேலிருந்த திரையில் பச்சை எழுத்தில் 'சரி' என்று வந்துகொண்டே இருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைக்காக எங்கள் தொம்மலூர் அலுவலகம் செய்த எச்சரிக்கைக் கருவி அது. வெப்பம் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் எட்டுக்கு மேலே ஏறினாலும் அலற வேண்டும். வாங்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, கொதிக்கிற டீயிலும் அது வாயைத் திறக்கவில்லை. அதற்கான கணினி நிரலை எழுதியவள் நான்.

அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். எங்கள் குழுத் தலைவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்; சிவாஜிநகர்க்காரர். "கணக்குல எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, தைரியமா எடுக்கலாம் சார்" என்று மேனேஜரிடம் எனக்காகப் பேசியவர் அவர்தான். வந்தவர்கள் போனதும் என் நிரலைப் பெரிய திரையில் போட்டு ஒரு வரியை வாசிக்கச் சொன்னார். 2 <= x <= 8. "எக்ஸ் ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கு. சரியாத்தானே இருக்குண்ணா?" என்றேன். மறுபடி வாசி என்றார். இன்னும் சத்தமாக வாசித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். கரும்பலகையிலும் பரீட்சைத் தாளிலும் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கிய வரி அது. அதில் தப்பு இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. "பேப்பர்ல இது சரிம்மா. அங்க மூணையும் ஒரே பார்வையில பாத்துடுற. நாம நிரல் எழுதுற சி மொழியில அந்தக் குறிக்கு ரெண்டே கைதான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அவ்ளோதான் புடிக்கும்." முதலில் இரண்டையும் எக்ஸையும் ஒப்பிட்டு, ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம் என்று ஒரு விடையை வைத்துக்கொள்ளும். பிறகு அந்த ஒன்றையோ பூஜ்யத்தையோதான் எட்டோடு ஒப்பிடும். இரண்டுமே எட்டைவிடச் சிறியவை. ஆக, குளிர் அறை தீப்பற்றி எரிந்தாலும் விடை 'சரி'தான். இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்து, நடுவில் && என்ற 'இரண்டும் உண்மையா' குறியைப் போட்டிருக்க வேண்டும். புரிந்ததும் காது மடல் சுட்டது. மேனேஜர் என்னை அனுப்பிவிடச் சொன்னாராம். "ஒருதரம் சுட்டுக்கிட்டவ, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா" என்று சொல்லி அண்ணா என்னை இருத்திக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வரி எங்கள் நேர்முகத் தேர்வில் நிரந்தரக் கேள்வி ஆகிவிட்டது. யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் பழைய ஆட்கள் அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கண் என் பக்கம் வந்து போகும். நானும் கூடச் சேர்ந்து புன்னகைக்கக் கற்றுக்கொண்டேன். பதவி உயர்ந்தது, தொம்மலூரிலேயே வீடு பார்த்தேன், ரயிலை மறந்தேன். அந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை.

போன மாதம் அண்ணாவும் நானும் தேர்வு நடத்தினோம். தங்கவயலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளும் கணக்கில் எம்.எஸ்ஸி. மற்றதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். அந்த வரி வந்ததும், "எக்ஸ் அம்பதுன்னா தப்புன்னு காட்டும் மேடம்" என்றாள். குரலில் சந்தேகமே இல்லை. அவளை வெளியே உட்காரச் சொன்னோம்.

"எடுத்துக்கலாம்மா. உன்ன மாதிரியே இருக்கா" என்றார் அண்ணா.

வேண்டாம் என்றேன். அடிப்படையே தெரியவில்லை, இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றேன். உண்மை அதுவல்ல. அவள் வந்தால் அந்த டீ டம்ளர் கதை மறுபடி கிளம்பும், எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"மேனேஜரும் அன்னிக்கு இதே வார்த்தையத்தாம்மா சொன்னாரு" என்றார். இருவரும் சம்மதித்தால்தான் ஆள் எடுக்க முடியும். முடிவை மெயிலில் அனுப்புவோம் என்று அவளிடம் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சற்று நேரம் கழித்து லிஃப்டில் ஏறினால் அதே பெண் உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஒரு கேள்விதான் மேடம் மனசுல ஓடிட்டே இருக்கு. கணக்குல அது சரிதானே?"

"சரிதான்மா" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.