மழையிலும் சுட்ட சோலார் தண்ணீர்

வீட்டுக்காரிக்கு மூச்சிரைப்பு. தேங்காய் மட்டை எரித்து வெந்நீர் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இன்று ராஜபாளையத்தில் சோலார் ஹீட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் குழாயைத் திறந்தார். தண்ணீர் கையைச் சுட்டது.

"வெயில்ல காஞ்சது பெரியவரே. கரண்டு செலவே கிடையாது."

முன்பு கேஸ் கீசர் விற்றபோதும் செலவே கிடையாது என்றவர்தான் இவர்.

"மூணு நாளா மழைல்லா பெய்யுது?"

"டேங்கு சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும்."

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, வயர் தெரியும். டேங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு வயர் சுவர் பிளக்கில் சொருகியிருந்தது.

"அது மழைக்காலத்துக்கு மட்டும்."

"மழைக்காலத்துலதான தம்பி வெந்நீ வேணும்?"

நான் சொல்லச் சொல்லப் பேரன் இதை எழுதிப் போடுகிறான். வீட்டில் சோலார் வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். கடைக்காரரின் சொந்தக்காரர்கள் பதில் போட வேண்டாம்.