இல்யாஸ் நானா முடிக்காத டியூனிங்

இல்யாஸ் நானா மௌத்தாகிவிட்டார்.

காலையில் அவருடைய மகள் மரணச் செய்தியை மெசேஜ் போட்டிருந்தாள். வாசித்தேன், போனை மேசையில் வைத்தேன், போய் காரை ஸ்டார்ட் பண்ணினேன். ஏன் என்று கேட்காதீர்கள்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட கராஜ் வைத்திருந்தவர். இன்ஜினுக்குப் பெட்ரோல் எவ்வளவு பாய வேண்டும் என்பதை ஒரு சின்ன எலக்ட்ரோனிக் பெட்டியை வைத்துத் தன் விருப்பத்துக்கு மாற்றுவார். வாய் கொஞ்சம் பெரிசு. கண்டியில் பாதிக் கார்கள் ஏற்றம் ஏறுவதே தன்னால்தான் என்பார்.

இன்ஜின் அவருக்கு எப்போதும் "புள்ள". பெட்ரோல் குறைந்தால் "புள்ளைக்குப் பசி". கூடினால் "புள்ளைக்கு செமிக்கல்ல". அதற்கு மேல் விளக்கம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

என்னுடையது பழைய ஜப்பான் கார். கல்யாணமாகி, புத்தி வந்திருக்க வேண்டிய வயதில், அதற்கு ஒரு செகண்ட்ஹேண்ட் டர்போ வாங்கிப் பூட்டினேன். டர்போ காற்றை அள்ளித் தள்ளுகிறது, காரோடு வந்த கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நானா பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாகப் போட்டு, நடுவில் தன் பெட்டியை வைத்து, இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் பண்ணிவைத்தார்.

ஆனால் பெட்டியை வைத்தால் மட்டும் வேலை முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நான் ஓட்டுவேன். நானா பக்கத்தில், மடியில் ஒரு தலையணை, அதற்கு மேல் லப்டொப். மூன்றாம் கியரில் ஒரே ஏற்றம். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு திரையில் நம்பராக வரும், பன்னிரண்டில் நின்றால் சரி; அவர் அதைப் பார்த்து ஏதோ தட்டுவார். திரும்பக் கீழே, திரும்ப மேலே...

அவர் பிடித்துவைத்திருந்த ஏற்றம் கலஹாப் பக்கம். அருமையான ஏற்றம். அடியில் ஆமி செக்பொயின்ட்.

யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம் அது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள ஒருவன், வயர் தொங்கும் லப்டொப்போடு ஒருவரை ஏற்றிக்கொண்டு, செக்பொயின்ட்டுக்கு முன்னால் மேலும் கீழுமாகப் போய்வருகிறான். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. நம்பர் அவ்வளவு வடிவாக வந்துகொண்டிருந்தது.

மறித்தார்கள்.

ஒரு சிப்பாய் குனிந்து டாஷ்போர்டுக்குக் கீழே பார்த்தான். பெட்டி, வயர், மினுங்கும் சிவப்பு லைட். பார்த்தவன் அப்படியே பின்னுக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள். குண்டு என்று நினைத்துவிட்டார்கள்.

சார்ஜன்ட் நானாவின் ஐசியைத் திருப்பிக் கொடுத்து, நீங்கள் போகலாம் என்றார். என்னை மட்டும் கொண்டுபோய் விசாரிக்க வேண்டுமாம். அப்படிப் போன எல்லோரும் திரும்பி வந்த காலம் இல்லை அது. வீட்டில் மனைவி நிறைமாதம்.

நானா போகவில்லை. திரும்பக் காரில் ஏறி, சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை அவருடைய தமிழில் எழுதுகிறேன், அதில் 'ஈக்கி' என்றால் 'இருக்கு'...

"நான் எப்பிடி சேர் போறது? டியூனிங் பாதியில நிக்கிது. இன்னும் ஒரு ஓட்டம் ஈக்கி. இவரக் கொண்டு போறதெண்டா என்னையும் கொண்டு போங்க, லப்டொப்பில சார்ஜ் முடியப் போவுது."

சார்ஜன்ட் டாஷ்போர்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டார். நானா அதைக் கழற்றிவிட்டு என்னை ஓட்டச் சொன்னார். கார் இருமியது, குலுங்கியது, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா சேர், செமிக்கல்ல."

பெட்டியைத் திரும்பப் பூட்டினார். சார்ஜன்ட் துவக்கை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். நானா லப்டொப்பைத் தலையணையோடு தூக்கி அவர் மடியில் வைத்து, நம்பரை வாசிக்கச் சொன்னார். ஏற்றம் முழுக்க சார்ஜன்ட் "தொளஹ... தொளஹ..." என்று பன்னிரண்டு பன்னிரண்டாகவே வாசித்துக்கொண்டு வந்தார். நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உச்சியில் இறங்கியபோது, இந்தப் பெட்டியைத் தன் மோட்டார்சைக்கிளுக்கும் பூட்டலாமா என்று சார்ஜன்ட் கேட்டார். அது கார்பரேட்டர், இதற்குச் சரிவராது என்று நானா சொன்னபோது, மனிதருக்கு உண்மையாகவே கவலை. என் ஐசி என் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானா வீட்டுக்கு வந்துவிடுவார். "தம்பி, இன்னும் ஒரு ஓட்டம் ஈக்கி." எங்கள் வீட்டில் இறால் சமைக்கிற நாள் அவருக்கு எப்படித் தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டம் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு முடியும்.

போன மாதம் மனைவி கேட்டேவிட்டாள். "நானா, உந்தக் கார் எப்பதான் முடியும்?"

இறால் கோதை உரித்துக்கொண்டே சொன்னார். "அது அண்டைக்கே முடிஞ்ச தங்கச்சி. மறிக்க முந்தியே எல்லாம் செரி. இவர உட்டுட்டுப் போவ ஏலுமா? அதான் இன்னும் ஒண்டு ஈக்கின்டு சென்ன."

"அப்ப இவ்வளவு வருசமும் வந்தது?"

"அது ஒங்கட இறாலுக்கு."

மனைவி இறால் சட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். காரில்தான் போகிறோம். காரிலேயே கிடந்த நானாவின் தலையணையை எடுத்து முன் சீட்டில் வைத்தேன். மனைவி தானாகவே பின் சீட்டில் ஏறி இருக்கிறாள்.

போயிட்டு வாங்கோ நானா. டியூனிங் முடியேல்லை...

இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு.