கையைக் கட்டிப் பேசு

கம்பெனியில் மேடைப்பேச்சு சொல்லித்தர வந்தவர், இரண்டு கைகளையும் அகல விரித்தார். "வாய் மட்டும் பேசினா பத்தாதுங்க, கையும் பேசணும்."

எனக்குக் குமாரபாளையத்துத் தறிச்சத்தம் காதை அடைத்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடியது. அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. நூல் அறுந்துவிட்டது என்றாலும், சாப்பிட வா என்றாலும், பஞ்சுத்தூசி படிந்த அம்மாவின் கைதான் சொல்லும். அதைப் பார்த்துத்தான் நான் பேசவே கற்றேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் பேசும்போது என் கைகளும் தாமாக எழுந்தன. டீச்சர் பாதியிலேயே மேடையேறி, ஸ்கேலால் விரல்முட்டியில் அடித்தார். "இதென்ன தறிக்கூடமா? கையைக் கட்டிக்கிட்டுப் பேசுடி!"

கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்து ஏதோ சொல்லப் பாதி கை தூக்கிய அம்மா, அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது, "நம்மூட்டுல ஆட்டறாப்புல அங்கெல்லாம் கைய ஆட்டாத சாமி" என்றார். அதையும் கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னார்.

இன்று என் முறை வந்தது. பேசினேன். கட்டிய கைகளைப் பிரிக்க எவ்வளவோ முயன்றேன், வரவில்லை.

பயிற்சியாளர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "சில பேருக்குப் பொறவியிலேயே கை பேச வராதுங்க."