ஐந்தாம் பாகம் என்னிடம் இருக்கிறது

கோதண்டம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். வெல்டர் கோதண்டம் உங்களுக்குத் தெரிந்தவன்தான். அவன் எதையும் சாய்த்து வைக்க மாட்டான். நிற்க வேண்டியது நேராக நிற்கணும் என்பான். அதனால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். “நம்ம சாரு பூட்டாரு நைனா. திருவள்ளூர்ல, அவுரு ஊட்லயே. காத்தால பேப்பர் படிச்சிக்கினு இருந்தாராம்...” சாவுச் செய்தி காதில் விழுந்து, என் மனைவி கன்னியம்மா ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அது என்ன ஸ்டவ் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நம் ஸ்டவ் கம்பெனியில் ஞானப்பிரகாசம் சாரோடு வேலை செய்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் என்னுடைய எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்று என் வாத்தியாரே ஊர் நடுவில் சொல்லியிருக்கிறார். பிரஸ் ஷாப்பில் நான் தகடு வெட்ட நின்றால் மிஷின் என் கையைப் பார்த்துத்தான் ஓடும். ஏகாம்பரம் லீவு போட்டால் மெட்ராஸில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது என்று ஒரு பேச்சு இருந்தது. அப்பேர்ப்பட்ட நானே வாயைப் பிளந்து பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது நம் சார்தான்.

அறுபதுகளின் கடைசியில் அவர் மேனேஜராக வந்தார். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. இறக்கிய இரண்டு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. திறந்தால் துணி இல்லை, எல்லாம் புத்தகம். எல்லாம் இங்கிலீஷ். சரக்கை எப்படிச் செய்வது, எப்படி விற்பது, ஆளை எப்படி நடத்துவது, ஃபோர்மேனுக்குக் கோபம் வந்தால் எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் ஒரு புத்தகம் எழுதி வைத்திருக்கிறான். கேன்டீன் போர்டில் அன்றைய குழம்பின் பெயருக்குக் கீழே சார் தன் கையால் எழுதினார்: ‘இந்த மாதம் படிக்க வேண்டியது’. கோதண்டம் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாயா இது, ஷிஃப்டு முடிஞ்சி பரீட்சை வெப்பாங்களா?” என்று கேட்டான்.

பரீட்சை வைக்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை செய்தார். ஒரு நாள் தடியான புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ஏன் என்னிடம் வந்தார் என்று கேட்காதீர்கள், முக்கியமான வேலை என்றால் என்னிடம்தான் வருவார். “ஏகாம்பரம், இதை ஏழு துண்டாக வெட்ட வேண்டும்” என்றார். சரஸ்வதி பூஜையன்று புத்தகம் இருக்கிற பக்கம் காலை நீட்டாதவன் நான். “சார், பாவம் சார்” என்றேன். “பாவமென்றால் என் கணக்கில் வரட்டும். வெட்டு” என்றார். ஹாக்ஸா பிளேடைத் தீட்டிச் செய்த கத்தியால் முதுகைப் பிரித்து, வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வெட்டிக் கொடுத்தேன். பைண்டிங் கம்பியால் ஒவ்வொன்றையும் கட்டினார். பிரஸ் ஷாப்புக்கு ஒன்று, வெல்டிங்குக்கு ஒன்று, பெயிண்டுக்கு, ஸ்டோருக்கு, கேன்டீனுக்கு, ஆபீசுக்கு என்று பகுதிக்கு ஒரு துண்டு. இங்கிலீஷ் தெரியாத எங்களுக்கு டைப்பிஸ்ட் ஸ்டெல்லா டீ நேரத்தில் படித்துத் தமிழில் சொல்லும்.

ஏன் இப்படி என்று கோதண்டம் கேட்டபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “முழுப் புத்தகத்தை ஒருத்தன் படிச்சா அவன் அறிவாளி ஆயிடுவான், மத்தவங்க வாயை மூடிக்குவாங்க. ஆளுக்கு ஒரு பாகம் படிச்சா, மீதியைத் தெரிஞ்சிக்க அடுத்தவனைக் கேட்டுத்தான் ஆகணும்.” அப்படியே நடந்தது. பெயிண்ட் ஷாப்பும் ஸ்டோரும் பேசிக்கொள்ளாமல் வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பாகத்தில் பாதியில் நின்ற கதை நாலாம் பாகத்தில் என்ன ஆனது என்று தெரியாமல் பெயிண்ட்காரனுக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டோருக்குப் போய்த்தான் கேட்டான். கேட்கிறவனுக்கு சார் ஒரே ஒரு வார்த்தைதான் கற்றுக்கொடுத்தார்: “அப்புறம்?” அவரும் யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே “அப்புறம்?” என்பார். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஊமையும் பேசுவான். தைரியத்தைப் பாருங்கள், மெட்ராஸில் இருந்த நம் முதலாளிக்கும் ஆறாம் பாகத்தைக் கம்பி கட்டி அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் பாகம் பிரஸ் ஷாப்புக்கு, அதாவது எனக்கு. ஸ்டெல்லா படித்துச் சொல்வதற்கு முன்பு நானே ஒரு கை பார்த்துவிடலாம் என்று பழவேற்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போகும்போது எடுத்துப்போனேன். மாமியார் கருவாடு விற்கிறவர். மறுநாள் எழுந்து பார்க்கிறேன், பாகத்தைக் காணோம். “காயிதம் நல்லா கெட்டியா இருந்துச்சி மாப்ள” என்றார். வெள்ளைக்காரன் எழுதிய ஐந்தாம் பாகம் வாளைக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு சந்தையோடு போய்விட்டது. ஒரு வரிகூட யாரும் எனக்குப் படித்துச் சொன்னதில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்தது. திரி ஸ்டவ் நாம் செய்தது போல் யாரும் செய்யவில்லை. ஜுவாலை நீலமாக நிற்கும். ஆனால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை வாங்கினவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது ஷிஃப்டை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நானும் கோதண்டமும் அந்த ஷிஃப்டுதான். வேலையில் சேருவதற்கு முன்பு கோதண்டத்தின் குடும்பம் கூலிக்கு நாற்று நட்டது. “மறுபடி அந்த சேத்துல என்னை எறக்கிடுவானுங்களா நைனா?” என்று அவன் கேட்டான்.

முதலாளி வந்தார். கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். கையில் ஆறாம் பாகம். “படிச்சேன் மிஸ்டர் ஞானப்பிரகாசம். உங்க புத்தகமே ஆளைக் குறைக்கலாம்னு சொல்லுதே” என்றார்.

“முதல் வரியை முழுசா படிங்க சார்” என்றார் நம்மவர்.

முதலாளி படித்து, தமிழில் சொன்னார். “ஆட்களைக் குறைக்கலாம், போன பாகத்தில் சொன்னதை எல்லாம் செய்து பார்த்த பிறகும் சரக்கு நகரவில்லை என்றால்.” நிமிர்ந்து, “சரி, போன பாகத்துல என்ன இருக்கு?” என்றார்.

“அது என்கிட்ட இல்லை. பிரஸ் ஷாப்ல இருக்கு. ஏகாம்பரத்தைத்தான் கேக்கணும்.”

கேன்டீனே திரும்பி என்னைப் பார்த்தது. “சொல்லு நைனா” என்று கோதண்டம் விலாவில் இடித்தான். வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பான். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அன்று காலையில்தான் கன்னியம்மா என்னோடு சண்டை போட்டு, “உன் ஸ்டவ்வுல நீயே ஒரு நாளு ஆக்கித் துன்னு பாரு, அப்பத் தெரியும்” என்று கத்தியிருந்தாள். அது நாக்கில் வந்து நின்றது.

“அஞ்சாம் பாகத்துல இன்னா சொல்றான்னா மொதலாளி, சரக்கை செய்றவன் அதுல ஒரு நாளு சோறாக்கித் துன்னணும். அவன் பொண்டாட்டி புள்ளைங்க வந்து அவன் கண்ணெதிர்ல ஆக்கணும். கம்பெனியில எவ்ளோ பெரியவனா இருந்தாலும் தரையில குந்திக்கினு பாக்கணும். அதுக்கு அப்பால ஆளை இன்னா பண்றதுன்னு பேசலாம்னு தெளிவா எழுதிக்கிறான்.”

முதலாளி நம் சாரிடம் திரும்பினார். “அப்படியா இருக்கு அதுல?”

அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர் அந்தக் கேன்டீனிலேயே அவர் ஒருவர்தான். பொய் சொல்லி யாரும் அவரைப் பார்த்ததில்லை. என்னை மாட்டிவிட்டால் எங்கள் ஷிஃப்டு போய்விடும். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “நான் படிச்சப்ப எனக்கு இவ்வளவு தெளிவா புரியலை சார்” என்றார். பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. செஞ்சு பாத்துட்டு, அப்பவும் குறைக்கணும்னா, லிஸ்ட்ல முதல் பேர் என்னுது.” ஐயா, ராஜாக்கள் கதை எத்தனையோ கேட்டிருக்கிறேன். எந்த ராஜாவும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலில் திருவிழாக் கூட்டம். ஊத்துக்கோட்டையிலிருந்து ஜனம் வண்டி கட்டி வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெண்கள் எல்லாம் வீட்டுச் சட்டியோடு வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிண்டினார்கள். அப்போதுதான் பார்த்தோம். ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி ஸ்டவ்வின் காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் டீ போட வரைந்த ஸ்டவ் அது. களி கிண்டினால் சட்டியோடு சேர்ந்து அதுவும் சுற்றியது.

சார் உட்கார்ந்தார், வெள்ளைப் பேன்ட்டோடு. கன்னியம்மா கையிலிருந்து துடுப்பை வாங்கிக் கிண்டினார். ஸ்டவ் நகர்ந்து, சட்டி சாய்ந்து, களி அவர் ஷூ மேல் விழுந்தது. “காலு வெச்சிக்கோ சார்! மானேஜருன்னா ஸ்டவ்வு பயப்படுமா?” என்று ஒருத்தி கத்த, முதலாளியே சிரித்துவிட்டார். சார் ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். “சுடும் சார், எடு சார்!” என்றாள் கன்னியம்மா. அவர் எடுக்கவில்லை. களி பதமாகிறவரை கிண்டினார். தோல் வெந்துவிட்டது.

“எத்தனை நாளா இப்படிம்மா?” என்று அவளைக் கேட்டார். அவள் கட்டைவிரலைக் காட்டினாள். கொப்புளம் மேல் கொப்புளம் வந்து காய்த்துப் போயிருந்தது. “அப்புறம்? இவர்கிட்ட ஏன் சொல்லலை?”

“இது எங்க சமையல் பக்கம் வந்துச்சி? நான் செய்ற ஸ்டவ்வுனு ஊரெல்லாம் பெருமை பேசிக்கினு திரிஞ்சிது. அதை நான் எதுக்கு சார் கெடுக்கணும்?” என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாளே கோதண்டம் ஸ்டவ்வின் கால்களை அகட்டி, ஒரு காலில் நாக்கு மாதிரி ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தான். அதன் மேல் காலை வைத்து அழுத்தலாம், சூடு ஏறாது. அந்தத் தகட்டை வெட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப்பட்டிலிருந்து எண்ணூர் வரை மிதி ஸ்டவ் என்றால் நம் ஸ்டவ்தான். கன்னியம்மா இன்றைக்கும் அதில்தான் ஆக்குகிறாள். லாரிகள் ரெட்டேரி வரை வரிசையில் நின்றன. இரண்டாவது ஷிஃப்டு பிழைத்தது. கோதண்டம் சேற்றில் இறங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டு, “ஐந்தாம் பாகம் எங்கே?” என்றார். “கருவாட்டுக்குப் போச்சு சார்” என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. “அதுல நெஜமா இன்னா சார் இருந்துச்சி?” என்று கேட்டேன். “நிறைய விளம்பரம் செய்யச் சொல்லியிருந்தது. உன்னுடையதுதான் நல்ல பாகம்” என்றார். எனக்கு மேடை போட்டு மாலை போட்டவர்கள் உண்டு. இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

திருவள்ளூருக்கு எல்லோரும் போனோம். சாரைப் பெட்டியில் படுக்கவைத்து, காலுக்கு சாக்ஸ் போட்டிருந்தார்கள். அதற்குள்ளே அந்தத் தழும்பு இருக்கிறது என்று கன்னியம்மா என் காதில் சொல்லிவிட்டு அழுதாள். சொல்லிவைத்த மாதிரி ஆளாளுக்குத் தங்கள் பாகத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். கம்பி துருப்பிடித்து, ஓரம் மஞ்சளாகி. சாரின் மகள் பார்த்துவிட்டு, “குடுங்க, ஒண்ணா பைண்டு பண்ணி வெச்சிக்கறேன்” என்றது. கோதண்டம் கும்பிட்டான். “வேணாம்மா. ஒண்ணா தெச்சா ஒருத்தர் கையோட பூடும்.” அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டியது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, இப்போது கம்பெனியைப் பார்ப்பது மகன். உங்களில் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரும்பு மிச்சம் என்று அந்தப் பிள்ளை மிதித் தகட்டை எடுத்துவிட்டுப் புது மாடல் போட்டான். சரக்கு கடையில் தூங்குகிறது. மறுபடி ஷிஃப்டு மூடுகிற பேச்சு. “இவன் ஆறாம் பாகத்தை எடுத்துப் படிச்சிருக்கான், ஏகாம்பரம். முதல் வரியில பாதியோட நிறுத்திட்டான். இவனுக்கு அஞ்சாம் பாகத்தைச் சொல்லு” என்றார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சொன்னேன். சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு பாகம்தான். அது காகிதத்தில் இல்லை, என் வாயில் இருக்கிறது. போன தடவையைவிடக் கொஞ்சம் நீளமாகவே வந்தது. பெட்டிக்குள் சாக்ஸ் போட்டிருந்த காலைப் பற்றியும் சொன்னேன். நடுவில் எங்கேயோ அந்தப் பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

“அப்புறம்?” என்று கேட்டான்.

கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வாசலில் மறுபடி களி கிண்டுகிறோம், அந்தப் பிள்ளையும் தரையில் உட்காருகிறான். கேழ்வரகு மாவு சொல்லியாயிற்று. சட்டியும் துடுப்பும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.