ரஷ்யா டாக்டரும் ஊசி டாக்டரும்

வந்து இறங்கிய நாள்

ரஷ்யாவில் மருத்துவம் முடித்துவிட்டுக் கோவில்பட்டி ஸ்டேஷனில் நான் இறங்கியபோது அப்பா மாலையோடு நின்றிருந்தார். எங்கள் உரக்கடையின் மாடி அறைக்கு வெள்ளையடித்து, 'டாக்டர் ஹரிஹரன், ரஷ்யா' என்று போர்டும் மாட்டிவிட்டார். ரிப்பன் வெட்ட ஒரு தீப்பெட்டி கம்பெனி முதலாளிக்கும் சொல்லியாகிவிட்டது.

அப்பாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். புதுச் சட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் ஸ்கிரீனிங் டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். அப்புறம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்து, மாநில மெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம்.

"ஏலே, ஆறு வருஷம் படிச்சது பத்தாதாக்கும்? ரஷ்யாக்காரன் மனுசன் இல்லியா? அவனுக்குப் பாக்குத வைத்தியத்த நமக்குப் பாத்தா என்ன?"

"பாத்தா ஜெயில்ப்பா."

அன்று மாலையே போர்டின் மேல் உரச்சாக்கு தொங்கியது.

முதல் தடவை எழுதித் தேறவில்லை. "அங்கன குளிருல பையனுக்கு மூள உறைஞ்சிட்டாம்" என்று கடைக்கு வந்தவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதையே அப்பா நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துத் தெரு போட்டி

பக்கத்துத் தெருவில் செல்வராசு அண்ணாச்சி இருந்தார். எப்போதோ ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டர் ஊரைவிட்டுப் போனதும் அண்ணாச்சி டாக்டராகிவிட்டார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கால் வலி, எதுவானாலும் ஊசிதான். விளாத்திகுளத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். அவரிடம் எந்தப் பதிவையும் யாரும் கேட்டதில்லை.

புத்தகமும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து ஒருநாள் மனசாரப் பரிதாபப்பட்டார்.

"தம்பி, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுதீங்க? படிக்காம இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்லல்லா?"

அந்தச் சட்டத்தைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒரு மத்தியானம் அவரே ஆட்டோவில் வந்து கடை வாசலில் இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை. இடது கையைப் பிடித்துக்கொண்டே, "கேஸ் டிரபுள் மாதிரி இருக்கு தம்பி" என்றார். நாடியைப் பிடித்தேன். துடிப்பு தாறுமாறாக இருந்தது.

"இது கேஸ் இல்ல அண்ணாச்சி. ஹார்ட். உடனே பெரியாஸ்பத்திரி போகணும்."

"உங்கட்டயே ஊசி இருக்குமே, போட்டுக்கிடலாம்லா?" என்றார் அப்பா அண்ணாச்சியிடம், நிஜமான அக்கறையோடு.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "அய்யோ, நம்ம ஊசி எனக்கு வேண்டாம்."

வந்த ஆட்டோவிலேயே ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருக்கும்போது நர்ஸ் விவரம் கேட்டார். எனக்கு முந்தி ஆட்டோக்காரர் சொல்லிவிட்டார்.

"பேஷண்ட் என்ன வேலை பாக்காரு?"

"அவிய டாக்டரு."

"கூட வந்தவரு?"

"இவரு சும்மாதான் இருக்காரு."

மாரடைப்புதான். உடனே வைத்தியம் கிடைத்ததால் அண்ணாச்சி பிழைத்தார். டூட்டி டாக்டர் என் தோளைத் தட்டி, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கீங்களோ?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்து, வெறியோடு படித்தேன். அடுத்த தடவை தேறினேன்.

கரிகரன்

ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடிந்து, பதிவு செய்யச் சென்னை போனேன். ரஷ்ய எழுத்தில் 'ஹ' கிடையாது, 'க'தான் போடுவார்கள். சான்றிதழை மொழிபெயர்த்தவர் என்னைக் கரிகரன் ஆக்கியிருந்தார்.

"பாஸ்போர்ட்டுல ஹரிஹரன். டிகிரி கரிகரனுக்கு. அவர் எங்க சார்?" என்றார் கிளார்க்.

"ரெண்டு பேரும் நான்தான் சார்."

"அப்படின்னு யார் சொல்றது?"

நோட்டரி முன்னால் நின்று, நான் நானேதான் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். பதிவெண் வந்தது.

முதல் நோயாளி

போர்டின் மேலிருந்த சாக்கை எடுத்துவிட்டு உட்கார்ந்த முதல் நாள், கடம்பூர்ப் பக்கமிருந்து காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார். சோதித்துப் பார்த்து, மாத்திரை போதும், ஊசி வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊசி போட ஒமக்கு இன்னும் லைசென்சு வரலியாய்யா?"

ஊசி போட லைசென்ஸ் தேவையில்லை என்பதை எங்கள் ஊர் எப்போதோ நிரூபித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷப் படிப்பும், ஒரு பரீட்சையும், ஒரு சத்தியமும் தேவைப்பட்டன. புதிதாக வரும் டாக்டர் தம்பிகளுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: 'வேண்டாம்' என்பதைத் தைரியமாகச் சொல்லுங்கள். அந்த அம்மா அன்று மாத்திரையை வாங்கிக்கொண்டார். போகிற வழியில் அண்ணாச்சியிடம் ஊசியும் போட்டுக்கொண்டாராம்.